உருண்டைக் கால் முதல் பதினாறு முனை வரை: கல்முனைக் கரையில் மின் இணைப்பிகளின் வரலாறு

மின்சாரப் பொருளொன்றை மின்மூலத்துடன் சேர்க்கும் இணைப்பிக்கு இரண்டு வேலைகள் உண்டு. மின்னோட்டத்தைக் கடத்துவது ஒன்று; பொருள் தனக்குப் பொருந்தாத மூலத்துடன் சேர்வதைத் தடுப்பது மற்றொன்று. முதல் வேலையைச் செம்பும் பித்தளையும் செய்கின்றன. இரண்டாவதை வடிவம் செய்கிறது. முனைகளின் தடிப்பு, எண்ணிக்கை, இடைவெளி, ஓரத்தில் வெட்டப்பட்ட சிறு காடி ஆகியவை எல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் எவ்வளவு மின்னோட்டம் ஓடலாம் என்பதைச் சொல்கின்றன. சுவரில் உள்ள பிளக் பேஸுக்கும் கணினிப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் அட்டையில் செருகப்படும் சிறிய கறுப்பு இணைப்பிக்கும் இந்த விதி ஒன்றே.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் ஊர்கள் இந்த இணைப்பிகளில் எதையும் வடிவமைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளுடன் வெளியிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் காலத்து உருண்டைக் கால் பிளக், சவூதியிலிருந்து வந்த தட்டைக் கால் பிளக், 13 அம்பியர் சதுரக் கால் பிளக், கணினியின் ஆறு, எட்டு, பதினாறு முனை இணைப்பிகள் என அவை அடுக்கடுக்காக வந்து சேர்ந்தன. புதியது வந்தபோது பழையது மறையவில்லை. அதனால் பொருளையும் மூலத்தையும் பொருத்திப் பார்க்கும் வேலை இங்குள்ள வீடுகளிலும் கடைகளிலும் ஒரு தனிக் கைப்பழக்கமாகவே வளர்ந்தது.

மின்சாரம் வந்த வழி

இலங்கையில் வணிக முறையிலான மின்வழங்கல் 1895இல் கொழும்புக் கோட்டையில் புஸ்டெட் சகோதரர் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. தீவின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற வாதத்தைப் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் கட்டுரையாக வைத்தார். அவர் வலியுறுத்திய லக்சபான நீர்மின் நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. அந்தக் காலம் முழுவதும் கிழக்குக் கரையின் இரவுகளை மண்ணெண்ணெய் விளக்கும் பெற்றோமக்ஸும் தாங்கின.

இந்தக் கரைக்கு அண்மையில் மின்சாரம் பிறந்த இடம் இங்கினியாகலை. பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அணையை அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் கட்டியது. அணையின் அடியில் அமைந்த நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 11.25 மெகாவாட். நீர்ப்பாசனத்துக்காகத் திறந்துவிடப்படும் நீரே அதன் சுழலிகளையும் சுழற்றுகிறது. ஆகவே வயலின் தேவையும் மின்சாரத்தின் தேவையும் தொடக்கத்திலிருந்தே ஒரே வாய்க்காலில் பிணைந்திருந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவாகி, நாட்டின் மின் உற்பத்தியும் வழங்கலும் அதன் கைக்கு வந்தன.

மின்சாரம் எட்டிய வீடுகளிலும் அது முதலில் விளக்குக்காகவே எடுக்கப்பட்டது. ஒரு கூரையில் இரண்டு மூன்று மின்குமிழ்கள், அவற்றுக்கு இரு பக்கமும் முனை கொண்ட பின் ஹோல்டர், சுவரில் கறுப்புச் சுவிச்சு. பிளக் பேஸ் இல்லாத வீட்டில் வானொலிக்கோ இஸ்திரிப் பெட்டிக்கோ மின்சாரம் தேவைப்பட்டால், குமிழைக் கழற்றிவிட்டு ஹோல்டரிலேயே ஒரு மாற்றியைப் பொருத்தி எடுப்பது ஆங்கிலேய முறை மின்சாரம் பரவிய நாடுகளில் எங்கும் இருந்த வழக்கம். வானொலிக்கு அது போதும். ஆனால் 750 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்டில் மூன்று அம்பியருக்கு மேல் இழுக்கும். அறுபது வாட் குமிழை நினைத்துப் போடப்பட்ட மெல்லிய வயருக்கு அது பத்து மடங்குக்கும் மேற்பட்ட சுமை. மாற்றி முனைகளைப் பொருத்தியது, வயர் சூடேறியது. பின்னாளில் கணினிப் பெட்டிக்குள் தோன்றிய சிக்கலின் முழு வடிவமும் இதில் ஏற்கெனவே இருந்தது.

உருண்டைக் கால் பிளக்

பிரித்தானியாவில் 1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற தரம் உருண்டைக் கால் பிளக்குகளை 2, 5, 15, 30 அம்பியர் என நான்கு அளவுகளாக வகுத்தது. இலங்கை வீடுகளில் நிலைத்தவை 5 அம்பியரும் 15 அம்பியரும். சிறியதன் கால்கள் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்பு. பெரியதன் கால்கள் 7 மில்லிமீற்றர். நில இணைப்புக்குரிய மூன்றாவது கால் மற்ற இரண்டையும்விட நீளமும் தடிப்பும் கூடியது. செருகும்போது அது முதலில் தொடுகிறது. கழற்றும்போது கடைசியாக விடுகிறது. உலோக உடலில் மின்சாரம் கசிந்தாலும் அது மனிதரின் உடலினூடாகப் போகாமல் நிலத்துக்குப் போவதற்கான ஏற்பாடு இது.

இந்த இரண்டு அளவுகளும் ஒன்றுக்குள் ஒன்று போகாதவாறு அமைக்கப்பட்டன. 230 வோல்டில் 5 அம்பியர் பேஸிலிருந்து 1150 வாட் எடுக்கலாம். 15 அம்பியர் பேஸிலிருந்து 3450 வாட். தண்ணீர் மோட்டாருக்கும் மின்னடுப்புக்கும் பெரிய பிளக், மேசை மின்விசிறிக்கும் வானொலிக்கும் சிறியது. பெரிய கால் சின்னத் துளைக்குள் நுழையாது என்பதுதான் இந்த முறையின் முழுப் பாதுகாப்பு. பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. பெரிய பிளக்கைச் சின்ன பேஸில் செருக உதவும் மாற்றி கடையில் கிடைத்த நாளிலேயே அந்தப் பாதுகாப்பு உடைந்தது. 5 அம்பியருக்கான வயரில் 10 அம்பியர் ஓடியபோது பேஸின் முகம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, இறுதியில் உருகியது.

இந்தியா இதே தரத்தைத் தனதாக்கிக்கொண்டு, 6 அம்பியர், 16 அம்பியர் என்ற பெயரில் இன்றும் உருண்டைக் கால்களையே பாவிக்கிறது. தென்னாபிரிக்காவும் பெரிய உருண்டைக் காலை நெடுங்காலம் வைத்திருந்தது. தரத்தை உருவாக்கிய பிரித்தானியா மட்டும் அதை விரைவில் கைவிட்டது.

சவூதிச் சாமானும் 127 வோல்டும்

1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வது கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் பரவலானது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து திரும்புவோரின் பெட்டிகளில் ரேடியோ கசெற், தொலைக்காட்சி, மிக்சி, இஸ்திரிப் பெட்டி வந்திறங்கின.

இந்தப் பொருட்களுடன் வேற்று நாட்டு மின்சார முறைகளும் வந்தன. குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் 220 முதல் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். பிளக் பெரும்பாலும் பிரித்தானிய முறை. அங்கிருந்து வந்த பொருள் இங்கே சிக்கலின்றி ஓடியது. சவூதி அரேபியாவில் நிலைமை வேறு. அங்கு வீடுகளில் 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் பரவலாக இருந்தது. அமெரிக்கப் பாணித் தட்டைக் கால் பிளக்குகளும் பாவனையில் இருந்தன. 230 வோல்டுக்கு மாறும் முடிவை அந்நாடு 2010இல்தான் எடுத்தது.

தட்டைக் கால் பிளக்குக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் மாற்றியைப் போட்டால் அது உள்ளூர் பேஸில் உட்கார்ந்துவிடும். அதோடு 127 வோல்டுக்கான பொருளில் 230 வோல்ட் பாயும். அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும்போது சூடேற்றும் கம்பியில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்கைத் தாண்டும். பொருள் சில நொடிகளில் கருகிவிடும். இதற்குச் சரியான மருந்து 230 வோல்டை 110 வோல்டாக இறக்கும் மின்மாற்றி. கனமான இரும்புப் பெட்டியாக அது தொலைக்காட்சிக்கு அருகில் வைக்கப்பட்டது. அப்போதும் அதிர்வெண் மாறாது; 60 ஹேர்ட்ஸை எண்ணிச் செய்த மோட்டார் 50 ஹேர்ட்ஸில் மெதுவாக ஓடிக் கூடுதலாகச் சூடேறும். பொருளின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட், ஹேர்ட்ஸ், வாட் என்ற மூன்றையும் வாசித்த பிறகே செருக வேண்டும் என்ற அறிவு இந்தக் கரையின் பல வீடுகளுக்குச் சவூதிச் சாமானின் வழியாகவே வந்தது.

சதுரக் கால் பிளக்

பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போரின்போதே போருக்குப் பிந்திய மீள்கட்டமைப்புக்காக அமைக்கப்பட்ட குழுவொன்று 1944இல் வீட்டு மின்னிணைப்பு பற்றி அறிக்கை தந்தது. மின்பொறியியலில் பெண்களின் இடத்துக்காக உழைத்த கரோலின் ஹாஸ்லெட் அதில் உறுப்பினர். செம்புத் தட்டுப்பாடு காரணமாக, பல பேஸ்களை ஒரே வளையச் சுற்றில் இணைக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் சுற்று 30 அம்பியர் வரை தரக்கூடியது. ஆகவே ஒவ்வொரு பிளக்கிலும் அதன் வயருக்கேற்ற ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அதன் பயனாக 1947இல் பி.எஸ். 1363 தரம் வெளிவந்தது. மூன்று சதுரக் கால்கள், உள்ளே 3 முதல் 13 அம்பியர் வரையான ஃபியூஸ், நில இணைப்புக் கால் நுழைந்தால் மட்டுமே திறக்கும் உட்கதவு ஆகியன அதன் சிறப்பு.

இந்தப் பிளக் இலங்கைக்கு வந்தபோது உருண்டைக் கால் பேஸ்கள் ஏற்கெனவே சுவர்களில் இருந்தன. அதனால் ஒரே வீட்டில் மூன்று வகையும் சேர்ந்தன. வீட்டுக்கு வீடு மல்டி பிளக் வந்தது. இரண்டு கால் பிளக்கைச் சதுர பேஸில் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவை நுழைத்து உட்கதவைத் திறக்கும் பழக்கமும் பரவியது. குழந்தைகளின் விரலுக்காக வைக்கப்பட்ட காவலைக் கையாலேயே நீக்கும் பழக்கம் அது. அப்படிச் செருகிய பிளக்குக்கு ஃபியூஸும் இல்லை, நில இணைப்பும் இல்லை.

இந்தக் கலப்பு நிலையை முடிவுக்குக் கொண்டுவர, இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2017இல் 13 அம்பியர் சதுரக் கால் முறையை நாட்டின் ஒரே தரமாக அறிவித்தது. பழைய வீடுகளில் உருண்டைத் துளைகள் இன்னும் உள்ளன. ஆனால் புதிய சுவரில் எதைப் பதிப்பது என்ற கேள்விக்கு இப்போது ஒரே விடைதான் உண்டு.

கணினிப் பெட்டிக்குள்

கணினி இந்தக் கரைக்கு வந்தபோது இணைப்பிகளின் அடுத்த வரலாறு தொடங்கியது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 அக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் வேரூன்றியது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் நாடெங்கும் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்களைத் திறந்தது. பாடசாலைகளில் கணினி கற்பிக்கப்பட்டது. தட்டெழுத்து, அச்சு வடிவமைப்பு, திருமண வீடியோ தொகுப்பு, விளையாட்டு என்று கணினியின் வேலை விரிந்தது.

கணினியின் பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. அதன் பின்புறம் சுவருக்குப் போகும் வயர் செருகப்படும் இடம் உலகமெங்கும் ஒரே வடிவம். 1970இல் வெளியான ஐ.இ.சி. 320 தரம் அதை 10 அம்பியருக்கு வரையறுத்தது. எந்த நாட்டுக் கணினியானாலும் வயரை மட்டும் மாற்றினால் போதும் என்ற வசதியைத் தந்தது அதுவே. அதற்குப் பக்கத்தில் பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிச்சு இருக்கும். அது 115இல் இருக்க 230 வோல்டைக் கொடுத்தால் உள்ளே உள்ள மின்தேக்கிகள் வெடிச் சத்தத்துடன் உடையும். சவூதிச் சாமானில் கற்ற பாடம் கணினியிலும் அப்படியே பொருந்தியது. 100 முதல் 240 வோல்ட் வரை தானாக ஏற்கும் பெட்டிகள் பரவிய பிறகே அந்தச் சுவிச்சு மறைந்தது.

1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. 1984இல் வந்த ஏ.ரி. வகை 192 வாட். இவை தாய்ப்பலகைக்கு பி8, பி9 என்ற இரண்டு ஆறு முனை இணைப்பிகளால் மின்சாரம் தந்தன. இரண்டும் ஒரே மாதிரியானவை. பக்கம் மாறிச் செருகினால் தாய்ப்பலகை பாழாகும். கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும் என்ற விதியைத் தொழில் கற்பவர் முதல் நாளே மனப்பாடம் செய்தனர். 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். தரம் இந்த ஆபத்தை வடிவத்தாலேயே நீக்கியது. இருபது முனைகள் ஒரே இணைப்பியாகி, ஒரு வழியில் மட்டும் செருகும்படி அமைந்தன. பின்னர் அது இருபத்துநான்கு முனையானது.

அடுத்த மாற்றம் மின்சாரம் எந்த வோல்டில் செலவாகிறது என்பதில் வந்தது. தொடக்கத்தில் 5 வோல்டே பெரும் சுமையைத் தாங்கியது. 2000இல் பென்டியம் 4 வந்தபோது செயலிக்கு 12 வோல்ட் தரும் நான்கு முனை இணைப்பி தனியாகச் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து கணினியின் பெரும் சுமை மஞ்சள் வயருக்கு, அதாவது 12 வோல்டுக்கு, மாறத் தொடங்கியது.

கிராபிக்ஸ் அட்டைக்குத் தனி இணைப்பு

1990களின் இறுதி வரை கிராபிக்ஸ் அட்டை தன் தேவை முழுவதையும் தாய்ப்பலகையின் துளையிலிருந்தே எடுத்தது. 1997இல் பாவனைக்கு வந்த ஏ.ஜி.பி. துளை ஐம்பது வாட்டுக்கும் குறைவாகவே தரும். அது போதாமல் போன முதல் அட்டைகளில் ஒன்று 2000இல் வந்த வூடூ 5 5500. வன்தட்டுக்கான நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பி அதன் பலகையிலேயே பொருத்தப்பட்டது. 2002இன் ரேடியான் 9700 புரோ நெகிழ்தட்டு இயக்கியின் சிறிய இணைப்பியைப் பாவித்தது. 2004இன் ஜீபோர்ஸ் 6800 அல்ட்ரா இரண்டு மோலெக்ஸ் கேட்டது. அட்டைக்கென்று ஒரு தரம் இல்லாததால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் கைக்கு அகப்பட்டதைப் பாவித்த காலம் அது.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தரம் இதை ஒழுங்கு செய்தது. துளையிலிருந்து 75 வாட். 2004இல் வந்த ஆறு முனை இணைப்பியிலிருந்து இன்னும் 75 வாட். 2007இல் ரேடியான் எச்.டி. 2900 எக்ஸ்.ரி. அட்டையில் முதன்முதலாகத் தோன்றிய எட்டு முனையிலிருந்து 150 வாட். ஆறும் எட்டும் சேர்ந்த அட்டை ஒன்று துளையோடு சேர்த்து 300 வாட் வரை எடுக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எட்டு முனை இணைப்பியிலும் 12 வோல்ட் வயர்கள் மூன்றுதான். ஆறு முனையிலும் பெரும்பாலும் அதே மூன்றுதான். கூடுதலான இரண்டில் ஒன்று நில வயர், மற்றது அடையாள வயர். இரட்டிப்பு வாட் தரத் தகுந்த தடிப்பான வயரும் நல்ல முனையும் என்னிடம் உண்டு என்று பவர் சப்ளை அட்டைக்குச் சொல்வதே அந்த அடையாள வயரின் வேலை. தரம் குறைந்த பெட்டியில் மெல்லிய வயருக்கு எட்டு முனையைப் பொருத்தினாலும் அட்டை அதை நம்பி 150 வாட் இழுக்கும்.

செயலிக்கான எட்டு முனை இணைப்பி கண்ணுக்கு இதைப் போலவே இருக்கும். ஆனால் அதில் 12 வோல்ட் வரிசையும் நில வரிசையும் இடம் மாறியவை. முனைகளின் சதுர, வளைந்த வடிவங்கள் தவறான செருகலைத் தடுக்கின்றன. வலிந்து அழுத்தினால் அந்தத் தடை உடைந்து 12 வோல்டும் நிலமும் நேராக மோதும். கழற்றிப் பூட்டக்கூடிய வயர்களைக் கொண்ட பவர் சப்ளைகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. அட்டைப் பக்கத்து முனைகளுக்குத் தரம் உண்டு. பவர் சப்ளைப் பக்கத்து முனைகளின் ஒழுங்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஒரு பெட்டியின் வயரை இன்னொரு பெட்டியில் செருகினால் அது சரியாக உட்காரும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் வன்தட்டு எரியலாம்.

மாற்றிகளும் உருகிய முனைகளும்

பழைய பவர் சப்ளையை வைத்துக்கொண்டு புதிய அட்டையை வாங்குவோருக்காக மாற்றி வயர்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டு மோலெக்ஸை ஆறு முனையாக்கும் வயர் பெரும்பாலும் வேலை செய்தது. அதுவும் இரண்டு மோலெக்ஸும் வெவ்வேறு வயர்களில் இருந்தால் மட்டும். சாட்டா இணைப்பியை எட்டு முனையாக்கும் வயர் வெளிப்படையான தவறு. சாட்டாவில் 12 வோல்டுக்கு மூன்று சிறு முனைகள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர், மொத்தம் 4.5 அம்பியர், அதாவது 54 வாட். அதிலிருந்து 150 வாட் கேட்பது 5 அம்பியர் பேஸில் 15 அம்பியர் மாற்றியைச் செருகியதைப் போன்ற கடுமையான மீறல்.

இந்த வரலாற்றின் இறுதிக் கட்டம் பதினாறு முனை. 2022 பெப்ரவரியில் வெளியான ஏ.ரி.எக்ஸ். 3.0 தரத்துடன் பன்னிரண்டு மின்முனைகளும் நான்கு அடையாள முனைகளும் கொண்ட 12வி.எச்.பி.டபிள்யூ.ஆர். இணைப்பி வந்தது. ஒரே இணைப்பியில் 600 வாட். 12 வோல்டில் அது 50 அம்பியர். ஆறு வயர்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 8.3 அம்பியர். 150 வாட் தரும் எட்டு முனையில் ஒரு வயருக்கு 4.2 அம்பியர்தான். முனைகளின் இடைவெளியோ 4.2 மில்லிமீற்றரிலிருந்து 3 மில்லிமீற்றராகச் சுருங்கியது. தொடும் இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், மின்னோட்டம் இரட்டிப்பாகும்போது வெப்பம் நான்கு மடங்காகிறது.

2022 அக்டோபரில் 450 வாட் ஆர்.ரி.எக்ஸ். 4090 வெளியாகிச் சில வாரங்களில் உருகிய இணைப்பிகளின் படங்கள் உலகெங்கும் வந்தன. இணைப்பி முழுமையாகச் செருகப்படாதது முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023இல் 12வி-2×6 என்ற திருத்தம் வந்தது. அதில் மின்முனைகள் சற்று நீளமாக்கப்பட்டன. அடையாள முனைகள் குட்டையாக்கப்பட்டன. கடைசி வரை செருகப்படாத இணைப்பியில் அடையாள முனை தொடாது. தொடாவிட்டால் அட்டை பெரும் மின்னோட்டத்தை இழுக்காது. உருண்டைக் கால் பிளக்கில் நில இணைப்புக் காலை நீளமாக்கி முதலில் தொடவைத்தனர். இங்கே அடையாள முனையைக் குட்டையாக்கிக் கடைசியாகத் தொடவைக்கின்றனர். இரண்டும் முனையின் நீளத்தையே காவலாக்கிய ஏற்பாடுகள்.

கரையின் சூழல்

இந்த இணைப்பிகள் எல்லாம் கடலோரத்தில் கூடுதல் சோதனைக்கு உள்ளாகின்றன. உப்புக் காற்றும் ஈரமும் பித்தளை, தகர முனைகளில் மெல்லிய அரிப்பை ஏற்படுத்துகின்றன. அரித்த முனையின் தடை கூடும். தடை கூடினால் அதே மின்னோட்டத்தில் வெப்பம் கூடும். நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில் ஈரம் உச்சத்தில் இருக்கும்.

பேரிடர்களும் இந்தக் கரையின் மின்கட்டமைப்பைத் திரும்பத் திரும்ப அழித்தன. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளின் மின்கம்பங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26இன் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் இதுவே. கடல்நீர் புகுந்த வயரும் பேஸும் காய்ந்த பிறகும் உப்பை உள்ளே வைத்திருக்கும் என்பதால், எஞ்சிய சுவர்களிலும் மின்னிணைப்பைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பான வழி.

2022இன் பொருளாதார நெருக்கடி இன்னொரு திருப்பம். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. ரூபாயின் மதிப்புச் சரிந்ததால் புதிய அட்டையும் புதிய பவர் சப்ளையும் ஒன்றாக வாங்குவது பலருக்கு எட்டாமல் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் எதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தைக் கிராபிக்ஸ் அட்டைகளால் அகழும் முறை முடிவடைந்து, பாவித்த அட்டைகள் உலகச் சந்தைக்குப் பெருமளவில் வந்தன. பழைய பெட்டியும் பாவித்த அட்டையும் மாற்றி வயரும் ஒரே மேசையில் சேர்வதற்கான சூழல் இவ்வாறு உருவானது. மின்வெட்டுக்காக வாங்கிய யூ.பி.எஸ்.ஸும் இந்தக் கணக்கில் அடங்கும். 650 வி.ஏ. என்று எழுதிய சிறிய யூ.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தரும். பெரிய அட்டை கொண்ட கணினியை அது தாங்காது.

பொருத்திப் பார்க்கும் முறை

தொண்ணூறு ஆண்டு கால இணைப்பிகளின் வரலாற்றிலிருந்து திரளும் நடைமுறை எளிமையானது. முதலில் அட்டைக்கு எத்தனை வாட், எந்த முனைகள் என்று பார்க்க வேண்டும். ஜி.ரி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட் அட்டைகளில் பல, துளையிலிருந்தே இயங்கும். தனி இணைப்பி வேண்டாம். 170 வாட் ஆர்.ரி.எக்ஸ். 3060க்கு அதன் தயாரிப்பாளர் 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறார். 575 வாட் ஆர்.ரி.எக்ஸ். 5090க்குப் பதினாறு முனை கட்டாயம்.

அடுத்து பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டிய தாளை வாசிக்க வேண்டும். பெரிய எழுத்தில் உள்ள மொத்த வாட்டைவிட 12 வோல்ட் வரிசையில் உள்ள அம்பியரே முக்கியம். 12 வோல்டில் 30 அம்பியர் என்றால் 360 வாட். பெட்டியின் மேல் 600 என்று எழுதியிருந்தாலும் அட்டைக்கும் செயலிக்கும் கிடைப்பது அந்த 360க்குள்தான். அதன் பின் பெட்டியிலிருந்தே நேராக வரும் ஆறு, எட்டு முனைகளை எண்ண வேண்டும். முனை போதாத பெட்டி பெரும்பாலும் வலுவும் போதாத பெட்டி. இரண்டு எட்டு முனை கேட்கும் அட்டைக்கு இரண்டு தனி வயர்கள் தருவதே நல்லது. செருகும்போது பூட்டு விழும் சத்தம் கேட்கும் வரை அழுத்தி, அதை ஒட்டிய இடத்தில் வயரைக் கூர்மையாக மடிக்காமல் விட வேண்டும். கடைசியாகச் சுவர்: நில இணைப்புள்ள 13 அம்பியர் பேஸ், சரியான ஃபியூஸ், இயங்கும் ட்ரிப் சுவிச்சு.

மாற்றி என்ற பொருள் வடிவத்தை மட்டுமே மாற்றும்; வயரின் தடிப்பையோ பெட்டியின் வலுவையோ அது கூட்டாது. ஹோல்டரில் செருகிய இஸ்திரிப் பெட்டி முதல் சாட்டாவில் செருகிய கிராபிக்ஸ் அட்டை வரை கருகிய ஒவ்வொரு இணைப்பியும் இதற்குச் சான்று. பணம் குறைவாக உள்ளவர் சிறிய அட்டையை வாங்கலாம், அல்லது பவர் சப்ளையை முதலில் மாற்றிவிட்டு அட்டைக்குக் காத்திருக்கலாம். இரண்டுக்கும் இடையில் மாற்றி வயரை வைத்துச் சமாளிப்பது, வாங்கிய அட்டையோடு வீட்டையும் ஆபத்தில் வைப்பதாகும்.